அந்தப் பச்சைச் சைக்கிளில் ஏறாதே

மகன்,

ஸலாம். சுகம் விசாரிப்பதெல்லாம் பிறகு. முதலில் இந்த ஒரு வரியை வாசித்துவிட்டு மிச்சத்துக்கு வா: அந்தப் பச்சைச் சைக்கிளில் இனி ஏறாதே. ஞாயிற்றுக்கிழமை உன் கலியாண ஊர்வலத்துக்கு மட்டுமல்ல, சந்திக் கடையில் பாண் வாங்கக்கூட அதில் ஏறாதே. இதை வாசித்ததும் உனக்குச் சரியான கோபம் வரும். "வாப்பா இன்னும் விடல்ல, இப்ப கடிதத்துல தொடங்கிட்டார்" என்று சொல்வாய். சொல்லிக்கொள். ஆனால் கிழித்துப் போடாதே. உன் தங்கச்சியிடம் கொடுத்து அனுப்புகிறேன். நீ கடைசி வரி வரைக்கும் வாசித்து முடிக்காமல் அந்த இடத்தை விட்டு அசையக்கூடாது என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். அவளுடைய பிடிவாதம் உனக்குத் தெரியும்தானே.

இன்னொன்று. இதைத் தனியாக வாசிக்காதே. உன்னோடு சைக்கிளில் ஊர்வலம் வரப்போகிற அந்தப் பதினொரு பேரையும் கூப்பிட்டு உட்காரவைத்து, அவர்கள் முன்னால் சத்தமாக வாசி. தனியாக வாசித்தால் நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும். வாப்பாவின் மானம் போய்விடுமே என்று மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்வாய். யாருக்கும் தெரியாததால் உன்னைத் தடுக்கவும் யாரும் இருக்கமாட்டார்கள். சின்ன விசயம்தானே, மெதுவாக ஓட்டினால் ஒன்றும் ஆகாது என்று உனக்கு நீயே சொல்லிக்கொண்டு ஏறிவிடுவாய். நீ என் பிள்ளை. நானும் அப்படித்தான் செய்திருப்பேன்.

அந்தச் சைக்கிளைப் பற்றி நீ எல்லோருக்கும் சொல்லும் கதையை நானும் கேட்டிருக்கிறேன். "எங்கட வாப்பா வாலிபத்துல ஓடினது. அந்தக் காலத்து இங்கிலீஷ் இரும்பு. எங்கட பேரப்புள்ளயளும் ஓடலாம்." அதில் பாதிதான் உண்மை. ஓடியது நான்தான், ஆனால் ஓடியதைவிடத் தள்ளியது கூட. வெல்டிங் பழகுவதற்கு முன்னால் ஏழு வருஷம் கருவாடு காயவைக்கும் வாடியிலிருந்து லொறி நிற்கும் ரோட்டுக்கு அதில் மூட்டை தள்ளினேன். மூன்று மூட்டை ஏற்றவேண்டும் என்றால் சீட்டைக் கழற்றிவிட்டு, முன்னால் இருக்கும் பாரிலிருந்து பின்னால் கரியர் வரைக்கும் நீளமாக ஒரு பலகை போட்டுக் கட்டுவோம். சீட்டைக் கழற்றினால் அது செருகியிருந்த குழாயின் வாய் மேலே பார்த்துத் திறந்துகிடக்கும். அரைகுறையாகக் காய்ந்த கருவாட்டு மூட்டையிலிருந்து உப்புத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக அதற்குள்ளே இறங்கி, அடியில் பெடல் அச்சுக்குப் பக்கத்தில் தேங்கி நிற்கும். மற்றவர்கள் தேங்காய் மட்டையை வெட்டி அந்த வாயில் இறுக்கி அடைத்துவைப்பார்கள். வாடிக்காரர் என்னிடமும் சொன்னார்: "டேய், அந்த ஓட்டைய அடை. வெளிய புடிக்கிற துருவக் கண்ணால பாத்துக்கலாம், உள்ளுக்குப் புடிக்கிறதப் பாக்க ஏலாது." நான் சிரித்தேன். "இது வெள்ளக்காரன்ட இரும்பு மொதலாளி, இதுக்கெல்லாம் உப்பு ஏறாது" என்றேன். ஏழு வருஷமும் அடைக்கவில்லை. அதையாவது வாலிபத் திமிர் என்று விட்டுவிடலாம். பிறகு செய்ததற்கு அந்தச் சாட்டும் இல்லை.

நீ அந்தச் சைக்கிள் பிரேமைப் பட்டறைக்குப் பின்னால், தண்ணீர்ப் பம்ப் துண்டுகளுக்கு அடியிலிருந்து இழுத்தெடுத்த நாளை நினைத்துப் பார். காற்றுப்பட்டம் கட்டிக் கடலில் ஓடும் வெள்ளைக்காரர்கள் தங்கும் இடத்தில் நீ வேலைக்குச் சேர்ந்த புதிது. அங்கே யாரோ வைத்திருந்த சைக்கிளின் படத்தைப் போனில் காட்டினாய். மாட்டுக் கொம்பு மாதிரி விரிந்த ஹேண்டில், வயிறு பெருத்த டயர், சோபா மாதிரி சீட். "இப்புடி ஒண்டு நம்மளே செய்வம் வாப்பா. இதுலதான் நான் மாப்புள போகப் போறேன், இதுலதான் பொண்ணக் கூட்டிட்டு வரப் போறேன்" என்றாய். நான் உன்னைப் பைத்தியம் என்றேன். ஆனால் மறுநாளே டேப் எடுத்து அளக்கத் தொடங்கியதும் நான்தான். ஹேண்டிலுக்குக் குழாய் வளைத்தோமே, அந்த நாளைச் சொல்கிறேன். வெறும் குழாயை வளைத்தால் மடிந்துபோகும் என்று, உள்ளே மணல் நிரப்பி இரண்டு பக்கமும் ஆப்பு அடித்து, சூடாக்கி, தென்னை மரத்தில் சுற்றி வளைத்தோம். நீ கடற்கரை மணலை அள்ளிக்கொண்டு வந்தாய். நான் கத்தினேன்: "உப்பு மணலாடா இரும்புக்குள்ள போடுற? கெணத்தடி மணல் கொண்டா!" பார், அன்றைக்கு ஒரு பிடி மணலில் இருந்த உப்புக்கு உன்னைத் திட்டினேன். ஏழு வருஷ உப்பு நாங்கள் வைத்திருந்த பிரேமுக்குள்ளேயே இருந்தது, அது எனக்குத் தெரியும்.

ஓம், தெரியும். பழைய பெயின்டைச் சுரண்டிய அன்று நீ கேட்டாய்: "வாப்பா, வெளிய நல்லா இரிக்கி. உள்ளுக்கு எப்புடி?" உன்னோடு வேலை செய்யும் இரண்டு பேர் பக்கத்தில் நின்றார்கள். அவர்களிடம் நீ, "இப்ப பாருங்க, எங்கட வாப்பா காதால கேட்டே இரும்பச் சொல்லுவார்" என்றாய். நான் சுத்தியலின் பிடியால் மேலேயிருந்து கீழே தட்டிக்கொண்டு வந்தேன். மேலே கணீரென்றது. நடுவிலும் கணீரென்றது. பெடல் அச்சுக்கு மேலே நான்கு விரல் அளவுக்கு வந்தபோது சத்தம் செத்துப்போனது. எனக்கு விளங்கியது. அந்த இரண்டு பேருடைய முகத்தையும் பார்த்தேன், உன் முகத்தையும் பார்த்தேன். "சிங்கம் மாதிரி இரிக்கி" என்றேன். மூன்று பேரும் சிரித்தீர்கள். எனக்கும் அந்த நேரம் நெஞ்சு குளிர்ந்துபோனது, பொய் சொல்வானேன்.

பிறகு நீ டயர் வாங்கப் புத்தளம் போன அன்று, பின்சக்கரத்துக்கு இடம் அகலமாக்க நான் அந்த மூலையில் வெல்டிங் வைத்தேன். வைத்த உடனே ஓட்டை விழுந்தது. மிளகாய் விதை அளவுதான். அடைக்கலாம் என்று மறுபடி வைத்தேன், அது பெருவிரல் நகம் அளவுக்குப் போனது. உள்ளே இரும்பு என்று ஒன்று இல்லை மகன், கடதாசி மாதிரி ஒரு தோல்தான் இருந்தது. உள்ளேயிருந்து துருத்தூள் கொட்டியது. அந்த இடத்திலேயே கையை எடுத்திருக்க வேண்டும். நீ வந்ததும், "இது சரிவராது மகன், இந்தக் குழாய முழுசா வெட்டி வேற போடணும், இல்லாட்டி இந்த பிரேமே வேணாம்" என்று சொல்லியிருக்க வேண்டும். முப்பது வருஷம் தோணிக்காரர்களுக்கு வேலை செய்தவன் நான். "ஒட்டுப் பிடிக்காத இரும்ப ஒட்டித் தரமாட்டேன், கடல்ல போற உசிர் அது" என்று எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன், நீயே பார்த்திருக்கிறாய். என் பிள்ளைக்கு மட்டும் என்ன செய்தேன் தெரியுமா? பால்மாத் தகரத்தில் ஒரு துண்டு வெட்டி, ஓட்டைக்கு மேலே சுற்றி, வாகனங்களில் நசுங்கிய இடத்துக்கு நிரப்புகிற பட்டியைப் பூசி, காயவைத்து, அரத்தால் தேய்த்து, நீ வருமுன் பச்சை பெயின்டும் அடித்துவிட்டேன்.

நீ டயரைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, அந்த இடத்தைத் தடவிப் பார்த்தாய். "வாப்பா! ஒட்டே தெரியல்லயே!" என்றாய். ஒட்டு என்று ஒன்று இருந்தால்தானே தெரிவதற்கு. நீ என் கையைப் பிடித்து முத்தமிட்டாய். நான் அந்தக் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

இது எனக்குப் புதிய குணமும் இல்லை. உனக்கு ஒன்பது வயசில் உம்மாவின் தையல் மெஷின் உடைந்தது ஞாபகம் இருக்கிறதா? பெருநாளுக்கு நான்கு நாள் இருக்கும்போது. நீதான் சக்கரத்தைச் சுற்றி விளையாடி உடைத்தாய் என்று உம்மா ஈர்க்கால் வெளுத்தாள். "நான் இல்ல உம்மா, நான் இல்ல" என்று நீ அழுதாய். மகன், உடைத்தது நான். எண்ணெய் விடப்போகிறேன் என்று, எனக்குத் தெரியாத வேலையில் கைவைத்து, ஊசித்தண்டை வளைத்துவிட்டேன். இரும்பு வேலைக்காரனுக்கு ஒரு தையல் மெஷின் சரிவரவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. நீ அடிவாங்கி முடியும் வரைக்கும் பேப்பர் பார்ப்பது மாதிரி இருந்தேன். பிறகு உனக்கு வட்டலப்பம் வாங்கிக்கொடுத்தேன். இத்தனை வருஷமும் அது அன்பினால் வாங்கிக்கொடுத்தது என்று நீ நினைத்திருப்பாய்.

சைக்கிள் விசயத்திலும் அதே புத்திதான். உண்மையைச் சொல்லாமல் உன்னை இறக்குவதற்கு வேறு வழி தேடினேன். ஊர்வலத்துக்குத் தடை சொன்னேன். "கருவாட்டுச் சைக்கிள்ளயா மாப்புள போற? ஊரு சிரிக்கும். கார் ஒண்டு பூ வெச்சி எடுப்பம்" என்றேன். நீ மாட்டேன் என்றதும் வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். "கருவாடு தள்ளினவன்ட மகன் எண்டு சம்பந்தி வீட்டு வாசல்ல போய்க் காட்டப் போறியா?" என்று கேட்டேனே, அதற்கு நீ சொன்ன மறுமொழி இன்னும் நெஞ்சில் நிற்கிறது. "நீங்க கருவாடு தள்ளினதுல எனக்கு வெக்கமில்ல வாப்பா. வெக்கம் ஒங்களுக்குத்தான்." சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு சிநேகிதன் வீட்டுக்குப் போனாய். மூன்று கிழமை, இருபத்தொரு நாள் ஆகிறது. பட்டறைக்கு வருகிறவன் போகிறவனெல்லாம் தம்பி உரிமையோடு, "என்ன நானா, மகன் ஒரு ஆசைக்குச் சைக்கிள்ள போறான், விடுங்களேன்" என்கிறான். எனக்கு வெட்கம் என்றுதான் ஊர் முழுக்க நினைக்கிறது. எனக்குப் பயம் என்று ஒருவனுக்கும் தெரியாது.

போன சனிக்கிழமை கோட்டைப் பக்கத்துச் சந்தியில் உன்னைக் கண்டேன். பின்சீட்டில் ஒரு சிநேகிதன். அவனுடைய பாரம் முழுவதும் அந்தத் தகரத்துண்டுக்கு மேலே. உனக்குப் பின்னால் வெங்காயம் ஏற்றிய லொறி ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு வந்தது. வேகத்தடையில் சைக்கிள் தூக்கிப் போட்டது. நான் நடுரோட்டுக்கு ஓடி, "இறங்குடா! இறங்கு!" என்று கத்தினேன். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாய். லொறிக்காரன் என்னை ஏசிவிட்டுப் போனான். கடைக்கார நானா ஓடிவந்து என்னைப் பிடித்து இருத்தி, "சின்னப் புள்ளயோட என்ன வீம்பு ஒங்களுக்கு?" என்று சோடா உடைத்துத் தந்தார். சோடாவைக் கையில் வைத்துக்கொண்டு, அல்லாஹ்வே, இந்தத் தடவை விட்டுவிடு, நாளைக்குச் சொல்லிவிடுகிறேன் என்று கேட்டேன். நாளை வந்தது. சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை நீ இருக்கிற வீட்டுக்கு வந்தேனே, சொல்லத்தான் வந்தேன். "அந்தச் சைக்கிள்" என்று வாயெடுத்ததும் நீ எழும்பினாய். "இன்னும் அந்தக் கதையா?" என்றாய். எனக்கும் ஏறிவிட்டது. பழையபடி இரண்டு பேரும் கத்தினோம். திரும்பி வரும்போதுதான் விளங்கியது, நான் இவ்வளவு நாளும் பொய்க் காரணம் சொல்லிச் சொல்லி உண்மையையும் கெடுத்துவிட்டேன். இப்போது பிரேம் கூடாது என்றால் நீ நம்புவாயா? வாப்பா புதிதாக ஒரு தந்திரம் எடுத்திருக்கிறார் என்பாய். உன்னிலும் பிழை இல்லை.

இன்று காலையில் உம்மாவிடம் சொன்னேன். அரிசி அரித்துக்கொண்டிருந்தவள் சட்டியைக் கீழே வைத்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"இத ஏன் அவனுக்கிட்ட சொல்லல்ல?"

"சொன்னா என்னப் பத்தி என்ன நெனப்பான்?"

"அப்ப அவன்ட ஜனாஸாவ அடக்கினதுக்குப் பொறகு நீங்க ஒங்களப் பத்தி என்ன நெனப்பீங்க?"

நீ போய்ச் சொல்லேன், நீ சொன்னால் கேட்பான் என்றேன். "நான் போகமாட்டேன். நான் சொன்னா, வாப்பாக்காக உம்மா கதைக்கிறா எண்டுதான் நெனப்பான். நீங்க செஞ்சத நீங்களே எழுதுங்க, ஒங்கட கையால. சோறு அதுக்குப் பொறகுதான்" என்றாள். பகல் சோறு இன்னும் திறக்கவில்லை. பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்து, பட்டறையைச் சாத்திவிட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

தையல் மெஷின் கதையையும் இன்றுதான் அவளிடம் சொன்னேன். அதற்குத்தான் அழுதாள்.

கலியாணம் முடிக்கப்போகிற பிள்ளைக்குத் தகப்பன் புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். பொறுமையாக இரு, சம்பாதி, தொழு என்று சொல்லலாம். அதெல்லாம் நிக்காஹ் அன்று மௌலவி சொல்வார், என்னைவிட வடிவாகச் சொல்வார். எனக்குச் சொல்லத் தகுதியுள்ளது ஒன்றுதான், அதுவும் நான் செய்யாததால் வந்த தகுதி. வீட்டில் எதையாவது நீ உடைத்தால், உடைந்த சத்தம் அடங்குமுன் உன் பெண்சாதியிடம் சொல்லிவிடு. பிறகு சொல்லலாம் என்று ஒரு நாள் வைத்தாயோ, அதை மறைக்க இன்னொன்று, அதைக் காப்பாற்ற ஒரு சண்டை, சண்டையில் ஜெயிக்க ஒரு கெட்ட வார்த்தை என்று போகும். நான் பெருவிரல் நகம் அளவு ஓட்டையை மறைக்கத் தொடங்கினேன், இன்று என் மகன் என் வீட்டில் இல்லை. அந்தப் பிள்ளை உன்னை ஏசினால் ஏசட்டும். ஏச்சு வாங்கிய ஆம்பிளைகள் ஊரில் ஆயிரம் பேர் நன்றாக இருக்கிறார்கள், நானே சாட்சி.

என் சொல்லை நம்ப வேண்டாம். நம்பும்படி நான் நடக்கவில்லை. சோதித்துப் பார். பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தம் உன்னிடம் இருக்கும். அதைச் சீட் குழாயில் மேலேயிருந்து வைத்துக்கொண்டு வா, கவ்விப் பிடிக்கும். பெடல் அச்சுக்கு மேலே நான்கு விரலில், சங்கிலி இல்லாத பக்கம், பட்டி தடிப்பாக இருப்பதால் பிடி தளர்ந்து வழுக்கும். அங்கே ஸ்க்ரூடிரைவர் முனையை வைத்துக் கையாலேயே அமத்து. உள்ளே இறங்கும், சுத்தியல் தேவைப்படாது. அமத்தும்போது பதினொரு பேரும் பார்க்கட்டும். யார் செய்த வேலை என்று அவர்கள் கேட்டால் என் பெயரைச் சொல். சம்பந்தி கேட்டாலும் சொல். தோணிக்காரர்களுக்குத் தெரிந்து நாளைக்கே வேலை வராமல் போனாலும் சரிதான், அது என் பாடு.

பிரேமைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அந்தக் குழாயை முழுசாக வெட்டியெடுத்து வேறு போடலாம். நல்ல குழாய் ஒன்று எடுத்துவைத்திருக்கிறேன். ஆனால் அது நான்கு நாள் வேலை, கலியாணத்துக்கு இருப்பது மூன்று நாள். அவசரத்தில் செய்து தா என்று நீ காலில் விழுந்தாலும் செய்யமாட்டேன். கலியாணத்துக்குப் பிறகு நீ வந்தால், பக்கத்தில் நின்று ஒவ்வொரு ஒட்டையும் பெயின்ட் அடிக்குமுன் பார்த்துக்கொள். வராவிட்டால் வேறு ஒருவரிடம் கொடு. மண்டலக்குடாவுக்கு, பெண் வீட்டுக்கு, ஞாயிற்றுக்கிழமை வேறு எதில் வேண்டுமானாலும் போ. கார் பிடிக்காவிட்டால் த்ரீவீலில் போ, நடந்து போ. என்னை வரவேண்டாம் என்றால் நான் வரவில்லை, உம்மாவும் தங்கச்சியும் வருவார்கள்.

ஆனால் ஒன்று கேட்டுக்கொள். இதை வாசித்த பிறகும் நீ அந்தச் சைக்கிளில் வந்தால், ஞாயிற்றுக்கிழமை சந்தியில் நான் ரோட்டில் குறுக்கே படுப்பேன். கையைக் காட்டி மறிக்கமாட்டேன், படுப்பேன். மாப்பிள்ளையின் வாப்பா வெள்ளைச் சாரமும் தொப்பியுமாகத் தாரில் கிடந்தார் என்று இந்த ஊர் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் சொல்லிச் சிரிக்கட்டும். நீ இறங்கி, என்னைத் தாண்டி நடந்து போ. அதற்குப் பிறகு ஆயுள் முழுக்க என்னோடு கதைக்காதே. அந்த ஆயுள் உனக்கு நீளமாக இருந்தால் எனக்குப் போதும்.

உன் வாப்பா